தும்மல் வராத பூங்கொத்து

அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர்களின் பூச்சாடிக்குள் மூக்கை விட்டுவிட்டு, சாயங்காலம் வரை "அச்சு, அச்சு" என்று தும்மித் தள்ளியதில் அண்ணன் வைத்த பெயர் அச்சு. நாற்பத்தொரு வயதிலும் அதே அச்சுதான். பூ பக்கத்தில் வந்தால் அவளுக்கு மூக்கு ஒழுகும், கண் வீங்கும், தொண்டை அரிக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரை தும்மலை நிறுத்தும். கூடவே ஆளையும் தூக்கத்தில் தள்ளிவிடும்.

இப்படிப்பட்டவளின் அண்ணன், ஊரில் வேறு பெண்ணே இல்லாததுபோல, ஒரு பூக்கடைக்காரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டான்.

அண்ணி நல்லவள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கடையை அடைத்துவிட்டுத் திரும்பினால் பின்வாசல் வழியாக நேரே குளியலறைக்குள் போவாள். தலைக்குக் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் கூடத்துக்குள் கால் வைப்பாள். கடைத் துணிகளுக்குத் தனிக் கூடை, தனி வாளி. அப்படியும் எங்காவது ஒரு துளி மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். "அண்ணி, காதுக்குப் பின்னாடி!" என்று அச்சு அலறுவாள். அண்ணி தலையிலடித்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போவாள். இதைத் தவிர அந்த இருவருக்குள் சண்டை வந்ததில்லை. அண்ணி கடைக்குள் அச்சு ஒரு தடவைகூடப் போனதுமில்லை.

அச்சுவுக்கு வேலை ஒரு வணிகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், துணிகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கும் ஆல்டரேஷன் கடையில். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க வரும் மெக்கானிக்கின் சட்டைப் பை ஒரு நாள் கிழிந்தது. அச்சு தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பை அடிக்கடி கிழிய ஆரம்பித்தது. கடைசியில் ஒரு நாள் அச்சு, "இதுக்கு மேல தைக்கத் துணி இல்லைங்க, விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். இரண்டு வீட்டாரும் பேசி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று.

தேதி குறித்த அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணி பெருமூச்சு விட்டாள்.

"ஊர்ல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் பொக்கே கட்டிக் குடுத்தேன். நம்ம வீட்டுப் பொண்ணு வெறுங்கையோட போய் நிக்கப்போறா."

"வெறுங்கை எதுக்கு? கைப்பையைப் பிடிச்சுக்கறேன்" என்றாள் அச்சு.

"கைப்பையா? நீ என்ன காய்கறி வாங்கவா போறே?"

"சரி, பேப்பர் பூ?"

"கை வேர்த்தா கூழாயிடும்."

"பிளாஸ்டிக்?"

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினாள். "அந்த வார்த்தையை இந்த வீட்டுல சொல்லாதே."

அண்ணன் குழாய் வேலை செய்பவன். நாள் முழுக்க யார் வீட்டுச் சுவரையோ உடைத்துவிட்டுப் பசியோடு வந்திருந்தான். "ஒருத்திக்குப் பூ தெரியும், இன்னொருத்திக்கு நூல் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து நூல்லயே ஒண்ணைப் பண்ணிக்க வேண்டியதுதானே? என்னைக் கொஞ்சம் சாப்பிட விடுங்க" என்றான்.

அவனைச் சாப்பிட விட்டிருக்கலாம். ஆனால் அச்சு அண்ணியைப் பார்த்தாள், அண்ணி அச்சுவைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவன் தட்டைத் தவிர மேசையில் இருந்த எல்லாம் அடுக்களைக்குப் போய்விட்டது. வெள்ளைக் காகிதம் வந்தது, பென்சில் வந்தது.

"துணியில தைச்சுச் சட்டம் போட்டு மாட்டற படம் மாதிரி இல்ல அண்ணி, கையில பிடிக்கிற மாதிரியே பண்ணலாம்" என்றாள் அச்சு. வார்த்தைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. "ஒவ்வொரு இதழையும் மெல்லிசு பருத்தித் துணியில தனித்தனியா வரையறேன். ஓரத்துல முடி மாதிரிக் கம்பி வெச்சு, அது மேலேயே காஜா தைக்கிற மாதிரி நெருக்கமாத் தைச்சுடலாம். உள்ளே நூலால நிரப்பிட்டு, ஓரத்தோட வெட்டி எடுத்தா இதழ் தனியா வந்துடும். கம்பி இருக்கறதால வளைக்கலாம், மடக்கலாம்."

"கம்பி என்கிட்ட இருக்கு!" அண்ணி குதித்தே விட்டாள். "ரோஸ் காம்புக்குச் சுத்தற கம்பி. பச்சை டேப்பும் இருக்கு. வரை, வரை. முதல்ல ஒரு ரோஸ் வரை."

அச்சு வரைந்தாள். அண்ணி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ரோஸா?"

"ஆமா."

"முட்டைகோஸ் மாதிரி இருக்கே."

அடுத்து டேலியாவை வரையச் சொன்னாள். சட்டைப் பொத்தானைச் சுற்றிக் கதிர் விட்டதுபோல ஒன்று வந்தது. கார்னேஷன், கிழிந்த கைக்குட்டையாக வந்தது. குழந்தைகள் சட்டையில் மெஷின் போடும் ஐந்து இதழ்ப் பூ மட்டும்தான் பூ மாதிரி இருந்தது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அச்சு, நீ ஒரு பூவைக் கிட்டத்துல பார்த்ததே இல்லையா?"

"கூப்பிடு தூரத்துல பார்த்திருக்கேன். போட்டோல பார்த்திருக்கேன். கிட்டத்துல பார்க்கறதுக்குள்ளதான் கண்ணு மூடிக்குமே."

அண்ணி காகிதத்தைக் கீழே வைத்தாள். தினமும் விடியும் முன்னே பூவில் கை வைப்பவள் அவள். பூவை இப்படி ஒருத்தி பார்த்ததே இல்லை என்பது இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில கடைக்கு வா" என்றாள்.

"கொல்லப் பார்க்கறீங்களா?"

"உள்ளே வராதே. தெருவுல நில்லு. நம்ம கடை முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிதானே?"

ஞாயிற்றுக்கிழமை தெரு காலியாக இருந்தது. பக்கத்து ரொட்டிக்கடை மட்டும் பாதி திறந்திருந்தது. அச்சு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு மடக்கு நாற்காலியைக் கடைக் கண்ணாடியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் வரைபலகை. கதவிடுக்கில் அண்ணி ஈரத்துணி அடைத்திருந்தாள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்பதால் இருவரும் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணி முதலில் ஒரு டேலியாவை எடுத்து, கண்ணாடியில் அச்சுவின் மூக்குக்கு நேரே பதித்தாற்போல் பிடித்தாள்.

அச்சு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"கேக்குதா? அச்சு? லைன் கட்டாயிடுச்சா?"

"அண்ணி..." என்றது போன். "இது ஒவ்வொண்ணும் சுருட்டியிருக்கு. குழாய் மாதிரி! வாய் திறந்த குழாய். உள்பக்கம் ஒரு கலர், வெளிப்பக்கம் இன்னொரு கலர். நடுவுல போகப் போகக் குட்டியாயிட்டே போகுது. யாரு இதையெல்லாம் இப்படி அடுக்கினது?"

"அதுவா அடுக்கிக்குது."

"திருப்புங்க. பின்னாடி காட்டுங்க. ஐயோ, பின்னாடி வேற பச்சை! காம்புப் பச்சை இல்ல, அதுக்கும் இலைப் பச்சைக்கும் நடுவுல ஒண்ணு!"

அண்ணி அடுத்தடுத்துப் பூக்களைக் கொண்டுவந்தாள். கார்னேஷனின் ஓரம் ரம்பம் போல் வெட்டுப்பட்டிருப்பதை அச்சு கண்டுபிடித்தாள். காஜாத் தையலை ஒரு குத்து நீளமாகவும் ஒரு குத்து குட்டையாகவும் போட்டால் அந்த ஓரம் அப்படியே வந்துவிடும் என்று கத்தினாள். டெய்சியின் நடு மஞ்சளில் ஒரு மஞ்சள் இல்லை, மூன்று மஞ்சள் இருந்தன. ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி இழுக்கும் முடிச்சுத் தையலை மூன்று மஞ்சளிலும் கலந்து போட்டால் மணி மணியாக நிற்கும். ரோஜா சிவப்பே இல்லை. அடியில் மஞ்சள், நடுவில் சிவப்பு, ஓரத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு. "இத்தனை நாளா சிவப்புன்னு பொய் சொல்லிட்டிருந்திருக்கீங்க எல்லாரும்!"

எழுதி மாளவில்லை. ஒரு பூவைக் குறிப்பதற்குள் அடுத்தது வந்தது. அவள் எழுந்து நின்று, நெற்றி கண்ணாடியில் முட்ட, மூச்சுக்காற்றால் கண்ணாடி மங்க, அதைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். லாவெண்டர் கதிரைக் காட்டியபோது சந்தோஷத்தில் கண்ணாடியைத் தட்டினாள்.

ரொட்டிக்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். "என்னம்மா, உள்ளே மாட்டிக்கிட்டாங்களா? பூட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?"

"இல்லைங்க, நாங்க பேசிட்டிருக்கோம்."

"கதவைத் திறந்து பேசலாமே?"

"திறந்தா நான் செத்துருவேன்" என்றாள் அச்சு, லாவெண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தன் கடைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணி நல்ல பூக்களையெல்லாம் காட்டி முடித்தபோது அச்சு விரலால் கீழே சுட்டினாள். "அந்த வாளியில இருக்கே, அது என்ன?"

"அது குப்பைக்கு."

"காட்டுங்களேன்."

"அச்சு, அது போன வாரத்து ரோஸ். வாடிப்போச்சு."

"காட்டுங்க அண்ணி."

அண்ணி வேண்டாவெறுப்பாக எடுத்துக் காட்டினாள். முழுக்க விரிந்து, இனி விரிய இடமில்லாமல் மல்லாந்த பூ. நல்ல நாளில் பாதாம் நிறமாக இருந்திருக்கும். இப்போது ஓரங்களில் தேநீர்க் கறை படிந்தாற்போல் பழுப்பு. மடிப்புகளில் ஒயின் நிறம். ஓர் இதழ் பிடியை விட்டுத் தொங்கியது. நடுவில் அதுவரை எந்தப் பூவும் காட்டாத மகரந்தத் தாள்கள் பொன்னாகத் தெரிந்தன.

"இது வேணும் எனக்கு" என்றாள் அச்சு. "இதுதான் எல்லாத்தையும்விட அழகு."

"உனக்கு மூக்குதான் சரியில்லைன்னு நினைச்சேன், கண்ணும் சரியில்ல. வாடின பூவைக் கட்டிக் குடுத்தா நான் நாளைக்குக் கடை நடத்த முடியுமா? அதுவும் கல்யாணப் பொக்கேயில!" அண்ணி அந்த ரோஜாவை வாளியில் திரும்பப் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்ததாக நினைத்தாள்.

கொத்துக்கான திட்டம் அண்ணியின் இஷ்டப்படியே தயாரானது. நடுவில் பெரிய சிவப்பு டேலியா. அதைச் சுற்றி மூன்று சிவப்பு ரோஜா, வெள்ளை டெய்சி, ரோஸ் நிறக் கார்னேஷன். வெளிவட்டத்தில் லாவெண்டரும் இலைகளும். அடுத்த விடுமுறை நாளில் இருவரும் நூல்கடைக்குப் போனார்கள்.

தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள் உள்ள கடை. ஆறு இழை சேர்த்து முறுக்கிய நூல் சிட்டங்கள் நிறவாரியாகப் படுத்திருந்தன. ஒவ்வொரு இழுப்பறையையும் திறக்கும்போது அண்ணி "ஆகா" என்றாள். அச்சு இன்னொரு பக்கம் "ஆகா" என்றாள். கடைக்காரர் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு இந்த இரட்டை ஆகாவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிறத்துக்குப் பெயர் சொல்வதில்தான் சிக்கல் வந்தது.

"அந்தத் தண்ணி மாத்தாத காம்புப் பச்சையை எடு" என்பாள் அண்ணி.

"எது? ஸ்கூல் யூனிஃபார்ம் பாவாடைப் பச்சையா?"

"சே, இல்ல. அதுக்குப் பக்கத்துல. மொட்டு மூடியிருக்கிற இலைப் பச்சை."

"ஓ, ஆஸ்பத்திரித் திரைப் பச்சை!"

"ரெண்டு பேரும் ஒரே நூலைத்தான் சொல்றீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

அச்சு எல்லா இலைக்கும் ஒரே பச்சை போதும் என்றாள். அண்ணிக்குக் கோபமே வந்துவிட்டது. "ரோஸ் இலையும் லாவெண்டர் இலையும் ஒண்ணா? உன் அண்ணனும் உன் மாப்பிள்ளையும் ஒண்ணா?" ஐந்து பச்சை எடுத்தார்கள். பிறகு எடுத்ததையெல்லாம் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். டியூப் லைட்டில் வேறு வேறாக இருந்த இரண்டு ரோஸ் நிறம் வெயிலில் ஒன்றாகிப் போனது. உள்ளே வந்து மாற்றினார்கள். மறுபடி வெளியே. கடைக்காரர் கடைசியில் தன் நாற்காலியையே வாசலுக்கு நகர்த்திவிட்டார். "நீங்க வெளியில இருந்தே வியாபாரம் பண்ணுங்க, எனக்கும் காத்தாடும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் இருப்புக் கொள்ளவில்லை. நின்றுகொண்டே வந்தார்கள்.

அன்று மாலை அச்சு ஒரு வேலை செய்தாள். தையல்காரிக்குப் பழக்கமான வேலைதான். துணியில் வரையும் கோடு போக, தைத்து முடித்தபின் தண்ணீரில் அலச வேண்டும். அதனால் ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். பச்சை ஐந்தும் நல்ல பிள்ளைகளாக இருந்தன. மஞ்சள்கள் இருந்தன. சிவப்பை அழுத்தி எடுத்தபோது துணியில் ஒரு ரோஸ் கோடு படிந்திருந்தது.

இரண்டாவது சிவப்பு அதைவிட மோசம். குளிர்ந்த தண்ணீரில் அலசினார்கள். உப்புப் போட்டு ஊற வைத்தார்கள். தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தது.

"வெள்ளை டெய்சி பக்கத்துல இதை வெச்சா அவ்வளவுதான் அண்ணி. கை வேர்த்தாக்கூட ஒட்டிக்கும்."

அண்ணி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய திட்டத்தில் எல்லாமே அந்தச் சிவப்பைச் சுற்றி நின்றது. நடுப்பூ போனால் மற்றவை எதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்? வேறு சிவப்பு தேடலாம் என்றான் அண்ணன். அண்ணி வேண்டாமென்று தலையசைத்தாள். அவள் மனதில் பார்த்து வைத்திருந்தது அந்தச் சிவப்புதான்.

அச்சு நனைந்த சிவப்பு நூலை ஒதுக்கி வைத்தாள். பிறகு தன் அறைக்குப் போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து, திறந்து, அண்ணியின் முன்னால் வைத்தாள்.

உள்ளே ஓர் இதழ் இருந்தது. பாதாம் நிறத்தில் தொடங்கி, நீளமும் குட்டையுமாகக் குத்திய தையலில் நிறம் நிறத்துக்குள் நழுவி, ஓரத்தில் தேநீர்க் கறையாக முடிந்திருந்தது. மடிப்பில் ஒரே ஓர் இழை ஒயின் நிறம். கம்பியை அச்சு லேசாகப் பின்னுக்கு வளைத்திருந்தாள். இப்போதோ அப்போதோ விழப்போவதுபோல அது கிடந்தது.

"எங்க தையல் கடையில மிச்சமான நூல்ல தைச்சுப் பார்த்தேன். சும்மாதான்" என்றாள் அச்சு. "திட்டாதீங்க."

அண்ணி அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். தான் நாள்தோறும் வாளியில் போடுவது இது. எத்தனை வருஷமாக எத்தனை வாளி! ஒன்றையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"எந்தப் பொண்ணும் வாடின பூ கேட்டதில்லடி."

"வாடலை அண்ணி. முழுசா விரிஞ்சிருக்கு." அச்சு டப்பாவை அண்ணி பக்கம் இன்னும் நகர்த்தினாள். உடனே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "நாப்பத்தொரு வயசுல கல்யாணம் பண்ணிக்கறேன். நான் போய் மொட்டு மொட்டா ஒரு கொத்தைப் பிடிச்சுட்டு நின்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

அண்ணியும் சிரித்தாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சட்டென்று எழுந்து, வாங்கி வந்த நூலையெல்லாம் மேசையில் கொட்டினாள்.

"அப்படின்னா இந்த வெள்ளை ஆகாது. பால் மாதிரி பளீர்னு கத்துது. தந்த வெள்ளை வேணும். ரோஸ் கார்னேஷன் போகட்டும், அதுக்குப் பதிலா வெளிறின ஆரஞ்சு, ஆப்ரிகாட் பழக் கலர். லாவெண்டர் இருக்கட்டும், அது இதுக்குப் பக்கத்துல நின்னா ரெண்டுக்கும் அழகு. டேலியா?"

"டேலியாவை ஒயின் கலர்ல பண்ணலாம்! சின்னதா, ஓரமா, பாதி முகம் மட்டும் தெரியற மாதிரி."

"நடுவுல உன் ரோஸ். பெருசா. ஒரு இதழ் தொங்கிட்டிருக்கட்டும்."

"ரெண்டு இதழ்!"

"ஒண்ணு. பேராசைப்படாதே."

அண்ணன் எட்டிப் பார்த்தான். "பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு சொல்வாங்க. நீங்க நாரையே பூவாக்கறீங்களே! இன்னிக்காவது சாப்பாடு உண்டா?"

"அடுப்புல இருக்கு, எடுத்துப் போட்டுக்குங்க" என்று இரண்டு குரலும் சேர்ந்து வந்தன.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. நாற்காலியில் உட்காருமுன் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. அச்சு வேலைக்குப் போகும் பஸ்ஸில் தைத்தாள், மதிய இடைவேளையில் தைத்தாள். டேலியாவின் ஒவ்வொரு குழாயும் ஒரு தனி இதழ். தைத்து, வெட்டி, தடித்த ஊசியின்மேல் சுருட்டினாள். அண்ணிக்கு முடிச்சுத் தையல் கற்றுக்கொடுத்தாள். முதலில் முடிச்செல்லாம் துணிக்குள் புகுந்து காணாமல் போயிற்று. "நூலை விரலால பிடிச்சுக்கிட்டே இழுங்க அண்ணி, விட்டா ஓடிடும்." பிடிபட்டபின் அண்ணியை நிறுத்த முடியவில்லை. ரோஜாவின் பொன் நடுவை அவளே போட்டாள். கொஞ்சம் கோணல்தான். பிரிக்கிறேன் என்றாள். "தொட்டீங்கன்னா பாருங்க" என்று அச்சு பிடுங்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியக்கூடாது என்று ஏற்பாடு. ஒரு நாள் அச்சுவைப் பார்க்க வந்தவர், சோபாவில் கிடந்த இலையை நிஜ இலை என்று நினைத்து எடுத்து, ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டார். அவர் பதறியது, அச்சுவின் உடம்புக்கு ஆகாதே என்று. அவரை வழியனுப்பிவிட்டு அண்ணியும் அச்சுவும் தோட்டத்தில் குனிந்து குனிந்து தேடினார்கள். நிஜ இலைகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆனது. கிடைத்ததும் இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்?

எல்லாம் தைத்து முடிந்த ஒரு பிற்பகலில், பூக்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தார்கள். அதுவரை அச்சுவின் வேலை. இனி அண்ணியுடையது.

அண்ணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ரோஜாவை இடது கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தாள். டேலியாவைச் சாய்த்துச் சேர்த்தாள். கையை ஒரு சுற்றுத் திருப்பினாள். டெய்சி. மறுபடி திருப்பினாள். ஒவ்வொரு பூவும் முந்தையதன்மேல் சாய்ந்து விழ, காம்புகள் தாமாகச் சுழன்று முறுக்கிக்கொண்டன. அவள் யோசிக்கவில்லை. பூவைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மெல்ல எதையோ முணுமுணுத்துக்கொண்டு, எடுத்து, வைத்து, திருப்பி, கடைசியில் மட்டும் தள்ளி நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒரு லாவெண்டர் கதிரை விரல் நுனியால் மேலே தூக்கிவிட்டாள்.

அச்சு அசையாமல் நின்றாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் அண்ணி வேலை செய்து அவள் பார்த்ததில்லை. பூக்கடையிலிருந்து வருபவளைத்தான் தெரியும். பூக்கடையில் இருப்பவளைத் தெரியாது.

"நீங்க இவ்வளவு வேகமா?" என்றாள்.

"என்ன வேகம்? கை தானா சுத்துது." அண்ணி காம்புகளைப் பச்சை டேப்பால் இறுக்கி, அதன்மேல் தந்த நிற ரிப்பனைச் சுற்றி முடிந்தாள். "இந்தா. பிடிச்சுப் பாரு. இடுப்புக்கு நேரா. ரொம்பத் தூக்காதே, மைக் பிடிக்கிற மாதிரி இருக்கு."

அச்சு வாங்கிப் பிடித்தாள். அது கனமாக இருந்தது. நிஜப் பூவும் இப்படித்தான் கனக்குமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அண்ணியைக் கட்டிக்கொண்டாள், கொத்து நசுங்காமல் ஒரு கையை விலக்கி வைத்தபடி.

கல்யாணத்தன்று அண்ணி கடைக்குப் போகவில்லை. உதவிக்கிருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, பதிவு அலுவலக வாசலில் காவல்காரன் மாதிரி நின்றாள். வந்த உறவினர்களில் இருவர் தெரியாமல் பூ கொண்டுவந்திருந்தார்கள். "ரொம்ப சந்தோஷம், அழகா இருக்கு, குடுங்க" என்று வாங்கித் தெருமுனைக் காரில் அடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள்.

மாப்பிள்ளை அச்சுவை முதலில் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மாத்திரை போட்டியா? யாரு குடுத்தாங்க இதை?" என்று பிடுங்கப் போனார். அவர் விரல் இதழில் பட்டது. நின்றார். இன்னொரு இதழைத் தொட்டார். தொங்கிய இதழைக் கீழிருந்து ஒற்றை விரலால் தாங்கிப் பார்த்தார்.

"நூலா?" என்றார், ரகசியம் போல.

"நூல்தான்."

"அப்ப அன்னிக்கு நான் வெளியில போட்டேனே, அந்த இலை..."

"பின்வரிசையில இருக்கு, பாருங்க."

அவர் குனிந்து பின்வரிசையில் அந்த இலையைத் தேட ஆரம்பித்தார். கையெழுத்துப் போடச் சொல்லி அதிகாரி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. அந்த அதிகாரி அம்மாளும் பேனாவை நீட்டும்போது, "பூ வாடிடப் போகுது, தண்ணியில வைக்கட்டுமா?" என்று கேட்டார். அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள்.

கையெழுத்து ஆயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். புகைப்படக்காரர் அச்சுவை ஜன்னலோரம் நிறுத்தி, எல்லா மணப்பெண்ணிடமும் சொல்வதைச் சொன்னார்: "பூவை மோந்து பாருங்கம்மா. கண்ணை மூடிக்கலாம்."

அச்சு கொத்தை உயர்த்தி, இதழ்களுக்கு நடுவே முகத்தை அப்படியே பதித்தாள். நெற்றி ரோஜாவில், கன்னம் டேலியாவில். மூச்சை நன்றாக இழுத்தாள். புகைப்படக்காரர், "போதும்மா, எடுத்தாச்சு" என்றார். அவள் எழவில்லை. இன்னும் ஒரு மூச்சு இழுத்தாள்.

அப்போதுதான் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. அடுத்த ஜோடி. அந்தப் பெண்ணின் கையில், மார்பு மறையும் அளவுக்கு வெள்ளை லில்லிகள். வாசனை ஆளுக்கு முன்னால் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

"ஐயோ!" என்றாள் அண்ணி. ரிப்பன் முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "நம்ம கடையிலேர்ந்து போன பொக்கே!"

அண்ணன் ஜன்னல்களைத் திறக்க ஓடினான். அண்ணி இரண்டு கையையும் அகல விரித்து வாசலை மறித்து, "ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம், லில்லி ரொம்ப அழகா இருக்கு, அங்கேயே நில்லு கண்ணு" என்று அந்தப் புதுப்பெண்ணைக் கெஞ்சினாள். அச்சுவின் மூக்கு நமநமத்தது. கண்ணில் நீர் முட்டியது.

"பக்கவாட்டுல படிக்கட்டு இருக்கு" என்றார் மாப்பிள்ளை. "ஓடலாமா?"

"ஓடலாம்!"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஓடினார்கள். பின்னாலேயே அண்ணன், புகைப்படக்காரர், உறவினர்கள் எல்லோரும் தடதடவென்று இறங்கினார்கள். கடைசியாக வந்த அண்ணி, "பொக்கேயைத் தூக்கிப் பிடிடி, சுவத்துல இடிக்காதே!" என்று மேலிருந்து கத்தினாள். அச்சு அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி, இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வெயிலுக்குள் இறங்கினாள்.